காது மரத்துப்போவதில்லை

டாக்டர் வைரவன் இறந்த செய்தி ஒரு பிறந்தநாள் கேக்கின் கீழே எனக்கு வந்து சேர்ந்தது. எங்கள் பழைய ஆஸ்பத்திரி ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ தன் பேத்தியின் கேக் படத்தைப் போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்து, 'நம் மயக்க மருத்துவர் வைரவன் சார் இன்று காலை மாரடைப்பால் காலமானார்' என்று இருந்தது. அதன் கீழே கும்பிடு, பூ, கும்பிடு, கேக்குக்கு ஒரு வாழ்த்து, மறுபடியும் கும்பிடு. ஒரு புண்ணியவான் இரண்டையும் குழப்பிக்கொண்டு 'மென்மேலும் வளர்க' என்று போட்டிருந்தார். சாயங்காலம் வரை அதை அழிக்கக்கூட இல்லை. வைரவன் சாரோடு ஒரே ஆபரேஷன் தியேட்டரில் பத்தொன்பது வருடம் நின்ற நர்ஸ் நான். அழுகை வருமுன் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

புதுக்கோட்டையில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு, எங்களோடு வேலை பார்த்த உங்களில் பலர் வந்திருந்தீர்கள். வாசலில் வைத்திருந்த பேனரையும் பார்த்திருப்பீர்கள். சாருடைய நரைத்த தலைக்குக் கறுப்பு மை பூசி, பக்கத்தில் இரண்டு புறாவைப் பறக்கவிட்டு, 'வலி தெரியாமல் உறங்க வைத்த வள்ளலே' என்று எழுதியிருந்தார்கள். மனிதர் உயிரோடு இருந்து அதைப் படித்திருந்தால் கிழித்தே போட்டிருப்பார். முடிந்தவரை யாரையும் உறங்க வைக்காமல் இருப்பதுதான் அவர் வேலையே. எந்த இடத்தில் கத்தி படுமோ அந்த இடத்தை மட்டும் மரக்க வைப்பார். பிரசவ ஆபரேஷன் என்றால் முதுகுத் தண்டில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். கை என்றால் கழுத்தெலும்புக்கு மேலே ஒரு ஊசி, கை மட்டும் மரத்துவிடும். ஆள் முழித்திருப்பார், பேசுவார், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பார். இதுகூடத் தெரியாதவர்கள்தான் பேனருக்கு வாசகம் எழுதியிருக்கிறார்கள்.

மேடையில் பெரிய டாக்டரம்மா பேசினார். எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் எழுதப் போவதில்லை. "வைரவன் அதிர்ந்து பேச மாட்டார். யார் மனசும் நோக ஒரு சொல் சொன்னதில்லை. ஊசி போடுறதுக்கு முன்னாடி பேஷண்ட்டையே கூப்பிட்டு, ஒங்களுக்கு என்ன ஆபரேஷன்னு கேட்கிற நல்ல பழக்கத்தை எங்களுக்கெல்லாம் கத்துக் குடுத்துட்டுப் போயிருக்கார்" என்றார். கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் மேடையில் நின்றார். இன்னொருத்தி நான், மூன்றாவது வரிசையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதிர்ந்து பேச மாட்டார் என்பதே பொய். மணமேல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். படகு இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நசுங்கியிருந்தது. சார் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் கை முழுக்க மரத்துவிட்டது. அந்த மனிதர் மற்றொரு கையால் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு கை சார்?" என்று கேட்டார். "ஒங்க கைதான். ராத்திரிக்குள்ள ஒங்ககிட்ட திரும்பி வந்துரும்" என்றார் சார். ஆபரேஷன் ஆரம்பித்ததும் சர்ஜன் என்னிடம், இவனெல்லாம் குடித்துவிட்டுத்தான் கடலுக்குப் போவான், விரல் போகாமல் என்ன போகும் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சார் எழுந்து நின்றார். "டாக்டர், நான் மரக்க வச்சது கையை. காது மரக்கல" என்றார். தியேட்டரில் அத்தனை பேரும் கேட்கும்படிதான் சொன்னார். படுத்திருந்தவர் கூரையைப் பார்த்தபடியே, "நான் குடிக்கிறதில்லைங்க" என்றார்.

முழித்திருக்கிற மனிதருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணியைக் கட்டுவோம். அந்தத் துணி இருப்பதால் அவர் இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். துணிக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் பேசிய பேச்சை இப்போது எழுதக் கை கூசுகிறது. இவள் உடம்பில் இவ்வளவு கொழுப்பா, குளித்து எத்தனை நாள் ஆச்சு, மூணும் பொட்டையா, புருசனுக்கு வேற வேலை இல்லையா. அடுத்த நொடியே பக்கோடா எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்றும் பேசுவோம். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் பேசிய பேச்சு அது. துணிக்கு அந்தப் பக்கம் நோயாளியின் தலைமாட்டில் சார் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். அவர்கள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்குவதைப் பஞ்சால் ஒற்றி எடுப்பது அவர்தான். எங்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் ஆசைப்படவும் இல்லை.

இதற்கு மேல் முதுகு வலிப் பழி வேறு. நம் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பதினைந்து வருடம் கழித்து முதுகு வலித்தாலும் அது முதுகில் போட்ட ஊசியால்தான். ஒரு நாள் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா சாரை வழிமறித்துக்கொண்டு, "நீங்க போட்ட ஊசிதான் சார், இன்னைக்கும் குனிய முடியல" என்று சண்டைக்கு வந்தது. சார் அமைதியாக, "பிள்ளை பெத்து எத்தனாவது நாள் தண்ணிக் குடம் தூக்குனீங்க?" என்று கேட்டார். "பத்தாம் நாள்." "வீட்டுக்குப் போயி அந்தக் குடத்தையும் நாலு வார்த்தை திட்டுங்க. நான் மட்டுமா வாங்கிக் கட்டிக்கிறது?" அந்த அம்மாவே சிரித்துவிட்டது. இதில் எனக்கு ஆத்திரம் அந்த அம்மா மேல் இல்லை. ஊசிதான் காரணம் என்று வார்டில் உட்கார்ந்து கிளப்பிவிட்டதே நம் ஆட்கள்தான். உங்களுக்கும் தெரியும்.

'பொறுத்துக்கோ' என்ற வார்த்தை அவருக்கு அறவே ஆகாது. வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண் மறுநாள் வலி என்று முனகினால் நாங்கள் சொல்வது அந்த ஒரே வார்த்தைதான். அவர் தன் வேலை முடிந்தபிறகும் வார்டுக்கு வந்து, வயிற்றின் இரண்டு பக்கமும் நரம்பை மரக்க வைக்கும் ஊசி போட்டுவிட்டுப் போவார். அந்தப் பெண்கள் எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள். பொம்பளை வலி தாங்கத்தானே பிறந்தாள், இவர் என்ன புதுசா என்று நர்சுகள் நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். "பொறுத்துக்கிட்டவங்களுக்கு இங்க மெடலா குடுக்கறோம்?" என்று ஒரு முறை என்னைக் கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இனி, எழுத வந்ததை எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி அவரிடம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆனால் மேடையில் சொன்ன மாதிரி ஊசிக்கு முன்னால் அல்ல. முதலில் ஊசி போட்டுவிடுவார். மரத்துவிட்டதா என்று குளிர்ந்த பஞ்சை வயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "ஒங்க பேரு என்ன? என்ன ஆபரேஷன் பண்ணப் போறாங்க? ஒங்க வாயால சொல்லுங்க" என்பார். வலி அடங்கினபிறகு கேட்டால்தான் நிதானமாகப் பதில் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு.

பஞ்சவர்ணம் மணமேல்குடிப் பக்கத்துப் பெண். இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். மூன்றாவது குறுக்கே கிடந்ததால் ஆபரேஷன் என்று முடிவானது. உடம்பில் ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தாள். முதல் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், இதோட எனக்குப் போதும். ஒடம்பு தாங்கல. குடும்பக் கட்டுப்பாடும் சேத்துப் பண்ணிருங்க" என்றாள். அதற்கு அவள் கையெழுத்து போதும், வேறு யார் கையெழுத்தும் தேவையில்லை. படிவத்தை நான்தான் கொடுத்தேன். படித்துப் பார்த்து, தன் பேரை முழுசாக எழுதிக் கொடுத்தாள். கேஸ் ஷீட்டில் நான்தான் வைத்தேன்.

மறுநாள் அவளை உள்ளே அனுப்புகிற நேரத்தில் மாமியார் வராந்தாவில் கூச்சல் போட்டது. "பேரன் இல்லாம எங்க வம்சத்தை அறுக்கப் பாக்குறீங்களா? அவ யாரு கையெழுத்துப் போட? எங்க ஆளுகளக் கூட்டியாந்து வாசல்ல ஒக்காந்துருவேன்." வார்டு முழுக்க வேடிக்கை பார்த்தது. நான் பயந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். எனக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து கேஸ் இருந்தது, அந்தச் சத்தம் ஓய்ந்தால் போதும் என்றிருந்தது. அவ்வளவுதான் காரணம். கேஸ் ஷீட்டைப் பிரித்து அந்தப் படிவத்தை உருவி, நாலாக மடித்து என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். "பேப்பர் எடுத்தாச்சு, போங்க ஆத்தா" என்றேன். கூச்சல் நின்றது.

உள்ளே ஊசி போட்டாகிவிட்டது. சார் பஞ்சை வைத்தபடி வழக்கம்போலக் கேட்டார்.

"பஞ்சவர்ணம் சார். பிள்ளைய எடுக்கப் போறாங்க. அப்பறம் குடும்பக் கட்டுப்பாடு பண்ணப் போறாங்க. நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்."

சார் ஷீட்டைப் புரட்டினார். ஆபரேஷனுக்கான சம்மதம் இருந்தது. மற்றது இல்லை. என்னைப் பார்த்தார். "சிஸ்டர், பேப்பர் எங்க?"

"பாத்துட்டு வாரேன் சார்" என்று வெளியே போனேன். வார்டுப் பக்கம்கூடப் போகவில்லை. கருவிகளைக் கொதிக்க வைக்கும் அறையில் கொஞ்ச நேரம் நின்றேன். பைக்குள் படிவம் இருந்தது. உள்ளே வந்து, "இல்லை சார்" என்றேன்.

"வேற பேப்பர் கொண்டாங்க. இவங்க முழிச்சுத்தான இருக்காங்க, போடுவாங்க" என்றார் சார்.

பெரிய டாக்டரம்மா கையுறை மாட்டித் தயாராக நின்றார். "ஊசி போட்டதுக்கப்பறம் வாங்குற கையெழுத்து செல்லாது டாக்டர். நாளைக்கு அவ மாமியா வந்து, மயக்கத்துல வாங்கினாங்கன்னு சொன்னா யாரு பதில் சொல்றது? நகருங்க, பிள்ளையப் பாப்போம்."

விதிப்படி அது சரி. சாருக்கும் அது தெரியும். "ஒரு மணி நேரத்துக்கு மேல இந்த மரப்பு இருக்கும். அதுக்குள்ள பேப்பரத் தேடிப் பிடிங்க" என்று என்னிடம் சொன்னார். அந்த நேரம் பஞ்சவர்ணத்துக்கு ரத்த அழுத்தம் இறங்க, அவர் திரும்பி மருந்தை எடுக்கப் போய்விட்டார். கத்தி வைத்தாகிவிட்டது. நான் துணிக்கு இந்தப் பக்கம் டாக்டரம்மா காதோரம் குனிந்து, "பேப்பர் என் பையிலதான் இருக்கு மேடம். வெளிய மாமியா நிக்குது" என்றேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. "இருக்கட்டும் விடு. நமக்கெதுக்கு வம்பு" என்றார்.

பெண் குழந்தை பிறந்தது. வயிற்றைத் தைத்து வெளியே அனுப்பினோம். ஆபரேஷனைத் தாமதப்படுத்தியதற்காக சாரிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. எழுதச் சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். "தப்பு என் மேலதான் சிஸ்டர். ஊசிக்கு முன்னாடி கேட்டிருந்தா புதுக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். இனிமே ஊசி கையில எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டுருவோம்" என்றார். "சரி சார்" என்றேன். அதுதான் நீங்கள் கை தட்டின பழக்கம்.

இரண்டு வருடம் கழித்து வயிற்றில் நாலாவது பிள்ளையோடு பஞ்சவர்ணம் வந்தாள். முன்பைவிட மோசமாக இருந்தாள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றின பிறகுதான் மேசைக்கே கொண்டுவர முடிந்தது. மாமியார் வரவில்லை. ஊசிக்காக உட்கார்ந்திருந்தவளிடம், என்ன ஆபரேஷன் என்று சார் கேட்டார்.

"போன தடவை சொன்னதேதான் சார்."

சாருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. ஆளை அடையாளம் தெரிந்ததும் அவள் எதிரில் வந்து நின்றார். "அம்மா, போன தடவை நடந்தது என் தப்பு. முன்னாடியே ஒங்ககிட்டக் கேட்டிருக்கணும், கேக்கல. என்னை மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டார். நோயாளியிடம் மன்னிப்புக் கேட்ட டாக்டரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவள் சாரைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். நான் மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தட்டில் 'நான்தான் எடுத்தேன்' என்ற இரண்டு சொல்லை வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. அன்று அவள் கேட்டது நடந்தது. நாலாவதும் பெண்தான். துணிக்கு இந்தப் பக்கம் அதற்கும் ஒரு நக்கல் அடித்தார்கள்.

அதற்குப் பிறகும் பல வருடம் சாரோடு வேலை பார்த்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு இரண்டு முறை போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். அவர் மனசு கஷ்டப்படும், வயதான காலத்தில் எதற்கு என்று எனக்கு நானே நல்லவள் வேஷம் போட்டுக்கொண்டேன். அந்த டாக்டரம்மா மேடையில் பேசியபோது எனக்கு ஏன் அங்கே உட்கார முடியவில்லை என்று பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. அந்தப் பேச்சின் நாற்றத்தில் என் வாய் நாற்றமும் இருந்தது.

அந்தப் படிவத்தை நான் கிழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு, அதில் இருந்த விலாசத்துக்குப் பஸ் ஏறினேன். பஞ்சவர்ணம் வீட்டு வாசலில் ஏற்றுமதிக் கம்பெனிக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கண்டதும் தெரிந்துகொண்டாள். "வாங்க சிஸ்டர்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதுதான் நாலாவது. சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன்.

சார் இறந்துபோனதைச் சொன்னேன். அவள் கை நின்றது. "நல்ல மனுசன். என் கண்ணைத் தொடச்சு விட்டாரு" என்றாள். பிறகு படிவத்தை எடுத்து நீட்டி, "இது காணாமப் போகல. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

அவள் மகளைப் பார்த்து, "நீ அங்கிட்டுப் போத்தா" என்றாள். மகள் போனபிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"தெரியும் சிஸ்டர். பேப்பர் என் பையிலதான் இருக்குன்னு அன்னைக்கு அந்தம்மாகிட்ட சொன்னீங்கள்ல. கேட்டுக்கிட்டுத்தான கெடந்தேன்."

"சார்கிட்ட ஏன் சொல்லல?"

"வயித்தைத் தொறந்து போட்டிருந்தீங்க. கத்தி ஒங்க ஆளுக கையில இருந்துச்சு. அதுல கெடந்துக்கிட்டு யாரைக் காட்டிக் குடுக்க?"

"ரெண்டாவது தடவை?"

"அப்பவும் கத்தி ஒங்க பக்கந்தான இருந்துச்சு." அவள் குரல் உயரவில்லை. "சார் கும்பிட்டாரு. நான் ஒங்களத்தான் பாத்தேன். இப்பச் சொல்லுவீங்க, இப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பறம் முதுகக் குனியச் சொல்லிட்டாங்க."

உள்ளே மகள் ஏதோ பாத்திரத்தை உருட்டினாள். பஞ்சவர்ணம் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "இவளப் பெத்ததுக்கு நான் வருத்தப்படல. ஒரு நாளும் படல. என்னைய ஆளா மதிக்காமப் போனதுக்குத்தான்" என்றாள். படிவத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினாள். "சார் இருக்கையில கொண்டாந்திருக்கணும். நீங்களே வச்சுக்கங்க. இத்தனை வருசம் வச்சிருந்தீங்கள்ல." மறுபடி இறாலை எடுத்துக்கொண்டாள்.

இப்படி இரங்கல் எழுதுகிறவர்கள், இறந்தவரிடமிருந்து எதை எடுத்து வைத்துக்கொண்டோம் என்று கடைசியில் சொல்வார்கள். அவர் பொறுமை, அவர் சிரிப்பு என்று எழுத எனக்கு அருகதை இல்லை. என்னிடம் இருப்பது நாலாக மடித்த ஒரு காகிதம், மேலே பஞ்சவர்ணம் என்ற பேர். இனி அவருடைய அந்தப் பழக்கத்தை நீங்கள் யாராவது பாராட்டினால், அது யார் செய்த தவறால் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். டாக்டர் வைரவன் அன்று கும்பிட்டுக் கேட்ட மன்னிப்பு நான் கேட்டிருக்க வேண்டியது. தான் கேட்டது எனக்காகத்தான் என்று தெரியாமலே அவர் போய்விட்டார்.